மைசூரு வக்கீலுக்கு யார் போட்டி?

2009ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் ஒன்று ஓர் அவதூறு வழக்கைத் தள்ளுபடி செய்தது. சாஷா பேரன் கோஹன் என்ற நகைச்சுவை நடிகரின் ‘அலி ஜி’ தொலைக்காட்சி நிகழ்ச்சி தன் பெயரைக் கெடுத்துவிட்டதாக ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. தொலைக்காட்சித் தரப்புக்காக வேலை பார்த்த ஸ்மித்டென் என்ற அமெரிக்கச் சட்ட நிறுவனத்துக்கு இந்தியாவில் ஒரு துணை அமைப்பு இருந்தது. எஸ்டிடி குளோபல் சொல்யூஷன்ஸ் என்ற அந்த அமைப்பு மைசூரில் இயங்கியது. முன்தீர்ப்புகளைத் தேடுவது, மனுக்களுக்கு வரைவு எழுதுவது என்று அந்த வழக்கின் எழுத்து வேலையில் அங்கிருந்த இந்தியச் சட்டப் பட்டதாரிகளின் கை இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று மும்பை உயர் நீதிமன்றம் வேறொரு தீர்ப்பை வழங்கியது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனம் இந்தியாவில் அலுவலகம் போட்டு, நீதிமன்றத்துக்கே போகாமல் ஆலோசனை மட்டும் சொன்னாலும் அது வக்கீல் தொழில்தான், இந்தியாவில் பதிவு செய்யாதவர் அதைச் செய்யக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்கு நாட்டில் இடமில்லை என்று சட்டம் சொன்ன அதே ஆண்டில், வெளிநாட்டு நிறுவனத்தின் வேலை மைசூரில் நடந்து முடிந்து கலிஃபோர்னியாவில் பலனும் கண்டுவிட்டது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், சட்டத் தொழிலில் ‘உள்ளூரா, வெளிநாடா’ என்று முப்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டையின் உண்மை உருவம் தெரியும். லண்டன், நியூயார்க் நிறுவனங்கள் வந்தால் நம் வக்கீல்களின் பிழைப்பு போய்விடும் என்பது பார் அசோசியேஷன்களின் பழைய கவலை. மைசூரு போன்ற நகரத்தின் நிலவரத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கவலை தவறான ஆளைக் காட்டுகிறது. மைசூரு வக்கீலின் கையைவிட்டு நழுவும் வேலை கடல் கடந்து போகவில்லை. அதில் பெரும்பகுதி சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில் இறங்குகிறது. அதற்குக் காரணம் வெளிநாட்டாரின் பணபலம் அல்ல. நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதும், உள்ளூர் வக்கீல் தன் தொழிலை எப்படி நடத்தலாம் என்று நாமே போட்டு வைத்திருக்கும் விதிகளும்தான் காரணம்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்த வழக்கறிஞர் மட்டுமே தொழில் செய்யலாம் என்கிறது. 1990களில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது ஒயிட் அண்ட் கேஸ், சாட்போர்ன் அண்ட் பார்க், ஆஷர்ஸ்ட் ஆகிய மூன்று வெளிநாட்டு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு தொடர்பு அலுவலகங்கள் திறந்தன. ‘லாயர்ஸ் கலெக்டிவ்’ என்ற அமைப்பு அதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதில்தான் 2009 தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்களை எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து வழக்குத் தொடுத்தார். அவர்கள் தற்காலிகமாக வந்து வெளிநாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பலாம், நிரந்தரமாகக் கடை விரிக்கக் கூடாது என்று 2012 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சற்று இறுக்கியது. எப்போதாவது வந்துபோவது வேறு, அடிக்கடி வந்துபோவது வேறு, இரண்டாவது தொழில் செய்வதற்குச் சமம் என்றது. அதே தீர்ப்பில், அவுட்சோர்சிங் நிறுவனங்கள் செய்யும் வேலை சாராம்சத்தில் வக்கீல் தொழிலாக இல்லாதவரை அவற்றை வழக்கறிஞர்கள் சட்டம் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னது. மைசூரு உதாரணத்துக்கு நேராகப் பொருந்துவது அந்த வாக்கியம்தான்.

பிறகு 2023 மார்ச்சில் இந்திய பார் கவுன்சிலே கதவைக் கொஞ்சம் திறந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொண்டு தங்கள் நாட்டுச் சட்டம், சர்வதேசச் சட்டம், சர்வதேச ஆர்பிட்ரேஷன் ஆகியவற்றில் வேலை செய்யலாம் என்று விதிகள் வெளியாயின. ஒரு நிறுவனத்துக்குப் பதிவுக் கட்டணம் 50,000 டாலர். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பதிவு செய்யாமல் வந்துபோகிறவர்களுக்கு 12 மாதத்தில் 60 நாள் வரம்பு. இந்திய வழக்கறிஞரை அனுமதிக்கும் நாட்டவருக்கு மட்டுமே இங்கே இடம். 2025 மே மாதம் இந்த விதிகள் திருத்தப்பட்டு இன்னும் தெளிவாக்கப்பட்டன. ஆனால் எதைச் செய்யக் கூடாது என்ற பட்டியல்தான் மைசூருக்கு முக்கியம். நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ ஆஜராகக் கூடாது. சொத்துப் பத்திரம் எழுதுவது, உரிமைமூலம் ஆராய்வது ஆகிய வேலைகளைத் தொடவே கூடாது.

மைசூரு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஒரு சராசரி வக்கீல் எதை வைத்து வாழ்கிறார்? பாகப்பிரிவினை, வாடகைத் தகராறு, செக் பவுன்ஸ், மோட்டார் விபத்து இழப்பீடு, ஜாமீன், குடும்பநல வழக்கு, அதற்கு மேல் நிலம். கர்நாடகத்தில் பஹணி என்றும் காதா என்றும் சொல்லப்படும் நில ஆவணங்களையும் வில்லங்கச் சான்றையும் பழைய கிரயப் பத்திரங்களையும் வரிசைப்படுத்தி, வங்கிக்கோ வாங்குபவருக்கோ ‘இந்த மனை சுத்தமானது’ என்று எழுதிக் கொடுப்பதுதான் பல வக்கீல்களின் மாத வருமானம். இந்த வேலைக்கு எவ்வளவு உள்ளூர் அறிவு வேண்டும் என்பதை, 2024இல் மாநில அரசியலையே உலுக்கிய மைசூரு நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்தின் வீட்டுமனை ஒதுக்கீட்டுச் சர்ச்சை காட்டியது. எந்தக் காலத்தில் எந்த நிலம் எந்த அறிவிக்கையில் கையகப்படுத்தப்பட்டது, பிறகு எப்படி விடுவிக்கப்பட்டது என்பதெல்லாம் கன்னடக் கோப்புகளில் கிடக்கிறது. லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு நாளையே முழு அனுமதி கொடுத்தாலும் அது நஞ்சன்கூடு சாலையோரத்து மனைக்கு உரிமைமூலம் பார்க்க ஆள் அனுப்பப் போவதில்லை. அதன் மணிக் கணக்குக் கட்டணத்தை அந்த மனையின் விலை தாங்காது. ஆக, சட்டம் எந்த வேலைகளுக்கு வலுவான காவல் போட்டிருக்கிறதோ, அந்த வேலைகளுக்கு வெளிநாட்டுப் போட்டி வரவும் இல்லை, வருவதற்கான ஆசையும் யாருக்கும் இல்லை.

ஆசை இருப்பது வேறு வேலையில். நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் நெஸ்லேயின் ஆலை இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் நிறுவனம் அங்கே சர்க்யூட் போர்டு செய்கிறது. மைசூரில் ஜேகே டயர் இருக்கிறது, இன்ஃபோசிஸின் மாபெரும் பயிற்சி வளாகம் இருக்கிறது, 1948 முதல் ஊதுபத்தி செய்துவரும் ரங்காராவ் குடும்ப நிறுவனம் இருக்கிறது. ஒரு நகரத்தின் தொழில் வளம் இவ்வளவு இருந்தால் அதற்கேற்ற ஒப்பந்த வேலை, வரி வேலை, வணிக முத்திரை வேலை அந்த ஊர் வக்கீல்களுக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா? பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆலை மைசூரில் இருந்தாலும் சட்ட ஆலோசகரை நியமிக்கும் கையெழுத்து தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. நெஸ்லே இந்தியாவுக்கு அது குருகிராமில், இன்ஃபோசிஸுக்குப் பெங்களூரில். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் மும்பை, தில்லி, பெங்களூரு பெருநிறுவன வக்கீல்களைத்தான் கூப்பிடுகிறார்கள். மைசூரு வக்கீலுக்கு மிஞ்சுவது தொழிலாளர் நீதிமன்ற வாய்தாவும் வாடகை ஒப்பந்தமும்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. மைசூரு சமஸ்தானத்தின் நிர்வாகத்தை 1831இல் பிரிட்டிஷார் தங்கள் கையில் எடுத்து, பெங்களூரிலிருந்து ஆண்டார்கள். 1881இல் ஆட்சியை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்த பிறகும் தலைமைச் செயலகம் பெங்களூரிலேயே தங்கிவிட்டது. 1884இல் சமஸ்தானத்துக்கென்று தலைமை நீதிமன்றம் ஏற்பட்டபோது அதுவும் அங்கேதான் அமைந்தது. 1930இல் அது மைசூர் உயர் நீதிமன்றம் என்று பெயர் பெற்றது. அரண்மனை ஓர் ஊரில், மேல்முறையீடு வேறோர் ஊரில். பெயரை மைசூரு கொடுத்தது, வேலையைப் பெங்களூரு வாங்கிக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு புதிய தீர்ப்பாயமும் அந்த வழியிலேயே போயிற்று. கம்பெனி வழக்குகளையும் திவால் வழக்குகளையும் பார்க்கும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அமர்வு, வங்கிக் கடன் வசூல் தீர்ப்பாயம், வருமான வரித் தீர்ப்பாயம் எல்லாம் பெங்களூரில். வணிக முத்திரைக்கோ இன்னும் தூரம் போக வேண்டும். கர்நாடகத்துக்கான வணிக முத்திரைப் பதிவகம் சென்னையில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் சென்னையில்தான். மைசூர் பட்டு, மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு வாழைப்பழம் ஆகிய நான்கும் அங்கேதான் குறியீடு பெற்றன.

வக்கீல் சந்தை நீதிமன்றத்தின் பின்னாலேயே போகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அதற்கு முன் திருநெல்வேலியிலோ ராமநாதபுரத்திலோ ஒரு ரிட் மனு போட வேண்டுமானால் இரவு ரயிலேறி சென்னைக்குப் போய், அங்கே ஒரு வக்கீலைப் பிடிக்க வேண்டும். கிளை வந்த பிறகு, உயர் நீதிமன்ற வேலையையே தொழிலாகக் கொண்ட ஒரு வக்கீல் தலைமுறை மதுரையில் உருவானது. அதிலிருந்து நீதிபதிகளும் வந்தார்கள். கர்நாடகத்தில் 2008இல் தார்வாடிலும் கலபுரகியிலும் அமர்வுகள் ஏற்பட்டன, 2013இல் அவை நிரந்தரமாயின. மைசூரு தலைநகருக்குப் பக்கத்தில் இருப்பதால் அதற்கு அப்படியொரு வாதத்தை வைக்கவே வழியில்லை. பக்கத்தில் இருப்பதே அதன் பாதகம். 2023 மார்ச்சில் பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலை திறக்கப்பட்டபோது மூன்று மணி நேரப் பயணம் 75 நிமிடமாகும் என்று அரசு சொன்னது. கட்சிக்காரர் காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்பது நல்ல செய்திதான். ஆனால் பெங்களூரு வக்கீலும் காலையில் வந்து மைசூரில் ஆஜராகிவிட்டு மாலையில் திரும்பலாம். சாலை இரண்டு பக்கமும் ஓடுகிறது, பெரிய அலுவலகம் இருப்பது ஒரு முனையில்தான்.

இடம் ஒரு காரணம் என்றால், தொழில் நடத்தும் முறை இன்னொரு காரணம். பிரிட்டிஷ் இந்தியாவில் மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களின் உயர் நீதிமன்றங்களில் வழக்காடுபவர் ஒருவர், கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணம் தயாரிக்கும் சொலிசிட்டர் இன்னொருவர் என்ற இரட்டை முறை இருந்தது. அந்தச் சொலிசிட்டர்கள் கூட்டாளிகளாகச் சேர்ந்து நிறுவனங்களாக நின்றார்கள். மும்பையின் கிராஃபோர்டு பெய்லி 1830இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம். இன்றைய இந்தியப் பெருநிறுவனங்களில் பலவற்றின் வேர் அந்த மரபில் இருக்கிறது. சமஸ்தானமான மைசூரில் அந்தப் பிரிவினை இருந்ததே இல்லை. இங்கே வக்கீல் என்றால் ஒரே ஆள், அவரே கட்சிக்காரரைப் பார்ப்பார், அவரே எழுதுவார், அவரே வாதாடுவார். அவரிடம் இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா. சீனியர் போனால் அலுவலகமும் போயிற்று. நாட்டில் 1956 கம்பெனிச் சட்டம் கூட்டு வணிகத்துக்கு 20 பங்குதாரர் என்று வரம்பு வைத்திருந்தது. வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் 2008இல் வந்த பிறகு அந்தத் தடை விலகியது. பெருநகர நிறுவனங்கள் உடனே அதைப் பயன்படுத்தி நூற்றுக்கணக்கான வக்கீல்களோடு பெருத்தன. மாவட்டத் தலைநகரங்களில் தனி ஆள் முறையே நீடித்தது.

அதற்கு ஒத்தாசையாக இருப்பது விளம்பரத் தடை. பார் கவுன்சில் விதிகளின் 36ஆம் விதிப்படி வழக்கறிஞர் வேலை தேடி விளம்பரம் செய்யக் கூடாது. பெயர்ப்பலகையின் அளவு அளவோடு இருக்க வேண்டும், இன்ன துறையில் நிபுணர் என்று அதில் போடக் கூடாது. 2008இல் ஒரு சலுகை கிடைத்தது. பெயர், முகவரி, படிப்பு, தொழில் துறை போன்ற குறிப்பிட்ட விவரங்களை மட்டும் இணையதளத்தில் போடலாம் என்றார்கள். இந்தத் தடை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதன் சுமை ஒன்றல்ல. தில்லியின் பெருநிறுவனம் விளம்பரம் செய்யத் தேவையில்லை. அது முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு கம்பெனி இணைப்பும் வணிகப் பத்திரிகையில் செய்தியாகிறது. சர்வதேசத் தரப்பட்டியல்கள் அதன் பெயரை ஆண்டுதோறும் அச்சிடுகின்றன. மைசூரில் புவிசார் குறியீட்டுச் சட்டத்தையோ திவால் சட்டத்தையோ கரைத்துக் குடித்த ஓர் இளம் வழக்கறிஞர் இருந்தாலும், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருக்கும் சிறு தொழிலதிபருக்கு அது தெரிய வழியில்லை. அவர் பெங்களூரில் தெரிந்த பெயரைத் தேடிப் போவார். வக்கீல் வேலை வணிகம் அல்ல, ‘உன்னதத் தொழில்’ என்று வெளிநாட்டாரைத் தடுக்கப் பயன்பட்ட வாதம், உள்ளூர்ச் சிறியவரைப் பெரியவருக்குப் பின்னால் நிறுத்தி வைக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. விளம்பரத்தைத் திறந்துவிட்டால் தரகர்கள் புகுந்துவிடுவார்கள், விபத்து நடந்த இடத்துக்கே வக்கீலின் ஆள் வந்து நிற்பான் என்பது அது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியாக வழக்கறிஞர் சேவையை விலைப்பட்டியல் போட்டு, நட்சத்திர மதிப்பெண் கொடுத்து விற்பதைக் கடுமையாகக் கண்டித்தது. அத்தகைய வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அது கூவி விற்பதைப் பற்றிய அச்சம். தகவல் தருவது வேறு. ஒருவர் எத்தனை ஆண்டு எந்தத் துறையில் வேலை செய்திருக்கிறார், எந்த மொழியில் ஆவணம் எழுதுவார், முதல் ஆலோசனைக்கு என்ன கட்டணம் என்பதைப் பார் கவுன்சிலே ஒரு பொதுப் பதிவேட்டில் வெளியிட்டால் தரகருக்கு வேலை குறையும். தரகர் பிழைப்பதே தகவல் இல்லாத இடத்தில்தான். விளம்பரம் தடைசெய்யப்பட்டிருக்கும் இன்றும் மாவட்ட நீதிமன்ற வாசல்களில் தரகர்கள் இல்லாமல் இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் பெரியது. கதவைத் திறந்தால் உலக நிறுவனங்கள் உள்நாட்டுப் பெருநிறுவனங்களையே விழுங்கிவிடும், பிறகு சிறியவர்கள் எம்மாத்திரம் என்பது. ஜெர்மனியை உதாரணம் காட்டுவார்கள். அங்கே 2000ஆம் ஆண்டு வாக்கில் முன்னணி நிறுவனங்கள் சில லண்டன் நிறுவனங்களோடு இணைந்தன. புரூக்ஹாஸ் ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸோடு கலந்தது, பூண்டர் கிளிஃபோர்டு சான்ஸோடு கலந்தது. உண்மைதான். ஆனால் தனித்தே நின்ற ஹெங்கெலர் மூல்லர் இன்றும் ஜெர்மனியின் முதல் வரிசையில் இருக்கிறது. சிங்கப்பூர் 2008 முதல் தேர்ந்தெடுத்த வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உள்ளூர் வணிகச் சட்டத்தில் வேலை செய்ய உரிமம் கொடுத்தது. குடும்பம், குற்றவியல், சொத்துப் பத்திரம் போன்ற துறைகளை உள்ளூர்க்காரருக்கே வைத்துக்கொண்டது. ஆலன் அண்ட் கிளெட்ஹில், ராஜா அண்ட் டான் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் அழியவில்லை. அவை அண்டை நாடுகளில் கிளை பரப்பின. இந்த அனுபவங்களிலிருந்து தெரிவது, திறப்பின் சூடு முதலில் படுவது மேல்தட்டில் என்பதே. இந்தியாவில் அது மும்பை, தில்லி, பெங்களூரு நிறுவனங்களுக்கான கவலை. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்திலும் சட்டச் சேவைக்கு இடம் கிடைக்காதது யாருக்குச் சாதகம் என்று கேட்டால், விடை அந்த மூன்று நகரங்களில் இருக்கிறது. மாவட்ட வக்கீலின் பெயரைச் சொல்லிப் பெருநகரத்து நிறுவனங்கள் குடை பிடித்துக்கொள்கின்றன.

மூன்றாவது மறுப்பு, வெளியாள் வந்தால் உள்ளூர்க் கட்சிக்காரர் கைவிடப்படுவார் என்பது. மைசூரின் அண்மைக் கால வரலாறு இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியைக் காட்டுகிறது. 2020 ஜனவரியில் மைசூரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த போராட்டம் ஒன்றில் காஷ்மீர் பற்றிய பதாகை ஏந்திய இளம்பெண் மீது வழக்குப் பதிவானது. அவருக்காக எந்த உறுப்பினரும் ஆஜராகக் கூடாது என்று மைசூரு வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. பெங்களூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வழக்கறிஞர்கள் வந்து வக்காலத்துப் போட்டார்கள், முன்ஜாமீனும் கிடைத்தது. இத்தகைய தீர்மானங்கள் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கு கோயம்புத்தூரிலிருந்து போனது. அந்தப் பெண் சொன்னது சரியா தவறா என்பது வேறு கேள்வி. ஓர் ஊரின் வக்கீல்கள் எல்லோரும் ஒரே சங்கத்தின் கட்டுக்குள் இருந்தால், வெளியிலிருந்து வரும் வக்கீல்தான் குடிமகனின் கடைசிப் பாதுகாப்பு. போட்டியை வக்கீலின் வருமானக் கணக்கில் மட்டும் அளப்பவர்கள் கட்சிக்காரரின் தரப்பைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் எஸ்டிடி குளோபல் காட்டிய வழி மைசூருக்குப் போதுமா? போதாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2008 ஆகஸ்டில் வெளியிட்ட கருத்துரை, சட்ட வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ஆனால் மேற்பார்வையும் பொறுப்பும் அனுப்பும் வழக்கறிஞருடையதாகவே இருக்க வேண்டும் என்றது. அதன் மறுபக்கம், எழுதியவருக்குக் கையெழுத்து இல்லை என்பது. மைசூரு இளைஞர் அமெரிக்க அவதூறுச் சட்டத்தில் தேர்ந்தாலும் அவரால் அந்த நீதிமன்றத்தில் நிற்க முடியாது. அந்த அனுபவத்தை வைத்து இங்கே தனியாகத் தொழில் தொடங்கவும் முடியாது. குறைந்த செலவு என்ற ஒரே காரணத்தால் வரும் வேலை, அதைவிடக் குறைந்த செலவில் செய்யும் ஊரோ இயந்திரமோ கிடைத்தவுடன் போய்விடும். ஆவணங்களைப் புரட்டிச் சலிக்கும் வேலையை மென்பொருள் செய்யத் தொடங்கிவிட்ட காலம் இது. அந்த முயற்சி நிரூபித்தது ஒன்றுதான், அது முக்கியமானதும்கூட. உலகத் தரத்தில் எழுதக் கூடிய ஆட்கள் மைசூரில் கிடைத்தார்கள். சாரதா விலாஸ், வித்யாவர்தகா, ஜேஎஸ்எஸ் என்று சட்டக் கல்லூரிகள் உள்ள ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. படித்து முடித்தவுடன் திறமைசாலிகள் பேருந்து ஏறிவிடுவதுதான் பிரச்சினை.

அவர்களை நிறுத்தி வைக்கும் வழிகள் ஓரளவு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் முதலில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளுக்கு மட்டும் என்று இருந்தது. 2018 திருத்தம் அந்த வரம்பை 3 லட்சமாக இறக்கி, மாவட்ட அளவிலேயே வணிக வழக்குகளை நடத்த வழி செய்தது. அவசர நிவாரணம் கோராத வழக்குகளில் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2023இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வணிகம் தெரிந்த, கன்னடமும் ஆங்கிலமும் தெரிந்த, முடிந்தால் தமிழும் தெரிந்த சமரச வழக்கறிஞர்களுக்கு மைசூரு, நஞ்சன்கூடு, சாமராஜநகர் வட்டாரம் இயல்பான களம். இணைய நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அரசு 2023இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. தீர்ப்பாயங்களில் காணொலி விசாரணையைக் கட்சிக்காரரின் உரிமையாக்கினால், பெங்களூரு முகவரிக்கு இருக்கும் விலை தானாகக் குறையும். மதுரைக்குக் கட்டடம் கொடுத்ததை மைசூருக்குத் திரை கொடுக்கக் கூடும். கர்நாடக அரசு 2024இல் கொண்டுவந்த உலகளாவிய திறன் மையங்களுக்கான கொள்கை, பெங்களூருக்கு வெளியே மைசூரு போன்ற நகரங்களுக்கும் அந்த மையங்களை இழுக்கப் பார்க்கிறது. அவற்றின் ஒப்பந்த வேலையும் வரி வேலையும் மைசூரிலேயே நடக்குமா என்பது, அந்த வேலையை எடுத்துச் செய்யும் அளவுக்கு ஓர் உள்ளூர் நிறுவனம் அப்போது இருக்குமா என்பதைப் பொறுத்தது.

அங்கேதான் வக்கீல்களின் சொந்தப் பொறுப்பு வருகிறது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு கூட்டாண்மை அமைத்து, ஒருவர் நிலம், ஒருவர் தொழிலாளர் சட்டம், ஒருவர் வணிக முத்திரை என்று பிரித்துக்கொண்டு, ஜூனியருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, சீனியருக்குப் பின்னும் நிலைக்கும் அலுவலகத்தைக் கட்டுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஜூனியருக்குச் சம்பளம் கொடுக்காமல் ‘தொழில் கற்றுக்கொள்’ என்று வைத்திருக்கும் பழக்கம்தான் பெங்களூரின் ஆள்சேர்ப்புக்குப் பெரிய உதவி. 2025 திருத்த விதிகள், இந்திய நிறுவனங்களும் இங்கே தங்கள் தொழிலை விடாமலே வெளிநாட்டுச் சட்ட வேலைக்குப் பதிவு செய்துகொள்ள இடம் கொடுத்திருக்கின்றன. பெருநகரத்து நிறுவனங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். மைசூரின் ஊதுபத்தியும் பட்டும் வெளிநாட்டுக்குப் போகின்றன, அவற்றின் ஏற்றுமதி ஒப்பந்தங்களை மைசூரிலேயே எழுத முடியாது என்பதற்குச் சட்டக் காரணம் எதுவும் இல்லை.

வெளிநாட்டு நிறுவனங்களைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட வேண்டும் என்பதல்ல இந்த வாதம். பரஸ்பர உரிமை வேண்டும், கட்சிக்காரரின் ரகசியத்துக்கும் ஒழுங்கு விதிகளுக்கும் அவர்கள் கட்டுப்பட வேண்டும், பெயர் கூட்டணி என்ற போர்வையில் விதியைச் சுற்றி வருவதைத் தடுக்க வேண்டும். அவையெல்லாம் சரியான நிபந்தனைகள். ஆனால் அவற்றைப் பற்றி மட்டுமே முப்பது ஆண்டுகள் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், மாவட்ட வழக்கறிஞருக்கு வேண்டியிருந்த மற்ற எல்லாம் தள்ளிப்போயின. தீர்ப்பாயம் எங்கே அமர்கிறது, இளைஞருக்கு என்ன சம்பளம், கட்சிக்காரருக்கு எப்படித் தகவல் கிடைக்கும் என்ற கேள்விகளில் சங்கங்கள் அதே முனைப்பைக் காட்டவில்லை. லண்டன் நிறுவனத்துக்கு எதிராக இன்னொரு தீர்மானம் போடுவது மைசூரு வழக்கறிஞர் சங்கத்துக்கு எளிது. காணொலி விசாரணைக்கும் ஜூனியர் சம்பளத்துக்கும் தீர்மானம் போட்டால், அதன் பலன் அடுத்த மாதமே சங்க உறுப்பினர்களின் அலுவலகங்களில் தெரியும்.